மைனியின் நாக்கு

மைனி சாக்லேட்டு தின்னுகதப் பாத்தா, பாத்துட்டு நிக்குகவளுக்குப் பொறுமை போயி வெப்ராளம் வந்துரும். மைனின்னா எங்க வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. ஒரு துண்டை எடுத்து காதுகிட்டக் கொண்டு போயி ஒடிப்பாவ. பிறகு மோந்து பாப்பாவ. பிறகு நாக்குல வச்சு, வாயை மூடி, கண்ணையும் மூடி, அப்பிடியே ஒரு இருப்பு. மெல்ல மாட்டாவ, முழுங்க மாட்டாவ. எதிர்ல நிக்குகவ அடுப்புல பாலை வச்சுட்டு வந்திருப்பா, வாசல்ல மீன்காரி கூவிட்டு நிப்பா, அதொண்ணும் அவியளுக்குப் பிரச்சினை இல்ல. கண்ணைத் தொறந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை வரும். ஒண்ணு "கொள்ளாம்". இல்லேன்னா "மெழுகு".

கொள்ளாம்னா எங்க பக்கத்துல நல்லாருக்குன்னு அர்த்தம். மத்தவங்க வாயில அந்த வார்த்தைய நாள் முழுக்கக் கேக்கலாம். ஒரு வீட்டுல போயி உப்பில்லாத குழம்பு ஊத்துனாலும் கொள்ளாம்னுட்டுத்தான் கை கழுவுவோம். அது ஒரு மரியாதை. மைனிக்கு அந்த மரியாதை கிடையாது. அந்த ஒத்த வார்த்தைக்காக நான் காத்துக் கெடந்த காலம் இருக்கே, போதும் கர்த்தாவே. அவிய போயி வருசம் ஒண்ணு தாண்டியாச்சு. இப்பவும் நெனச்சா கோவமும் வருகு, அழுகையும் வருகு.

மைனி குவைத்துல நர்சா இருந்தவிய. கூடப்பொறந்தவங்களைக் கரையேத்துன அவசரத்துல தனக்குன்னு ஒரு கல்யாணம் பாக்கல்ல. ஆஸ்பத்திரியில ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா டியூட்டிக்கு நடுவுல ஒரு கறுப்பு சாக்லேட்டை ஒடிச்சுக் குடுத்தாளாம். அதுல தொடங்குன கேடு. அதுக்குப் பிறகு அவியளுக்கு வேற ஒண்ணும் சாக்லேட்டாத் தெரியல்ல.

எங்க ஊர்ல வெளிநாட்டுலேருந்து ஒரு ஆள் லீவுக்கு வந்தா, சாக்லேட்டு பங்கு வைக்கதுக்கு ஒரு முறை உண்டு. சம்பந்தக்காரங்களுக்குத் தகர டப்பா. கூடப்பொறந்தவங்களுக்குத் தங்கத் தாள் சுத்துன உருண்டை. அடுத்த வீட்டுக்கு ஒரு பிடி மிட்டாய். கோயில் வாசல்ல நின்னு "எப்ப வந்தே மக்கா"ன்னு விசாரிக்கவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு. யார் வீட்டுக்கு எது போச்சுங்கத வச்சே அவனவன் எடம் எதுன்னு தெருவுக்குத் தெரிஞ்சு போகும். இதுல கை மாறிப் போச்சுன்னா பேச்சுவார்த்தை நின்னுரும். அந்த அளவுக்கு உள்ள காரியம் அது.

மைனி இந்த முறையெல்லாம் தூக்கிக் கெடாசுனாவ. எடம் பாத்துக் குடுக்க மாட்டாவ, நாக்கு பாத்துக் குடுப்பாவ. எனக்குக் கல்யாணம் கழிஞ்ச புதுசு. லீவுக்கு வந்தாவ. பெட்டியில ஆக உசந்த கறுப்புக் கட்டி ஒண்ணு இருந்துது. அதைக் கொண்டு யாருக்குக் குடுத்தாவன்னு நெனைக்கீங்க? இராஜாக்கமங்கலத்துலேருந்து மீன் கொண்டு வருகவளுக்கு! எங்க அம்மைக்கு, சொந்தத் தம்பி பெண்ணெடுத்த வீட்டுக்காரிக்கு, ஒரு கவர் பால்மிட்டாய்.

எங்க அம்மை மொகம் கறுத்துப் போச்சு. "மீன்காரிக்குக் கட்டி, எனக்கு மிட்டாயா பிள்ளே?"ன்னு கேட்டே போட்டா.

"அத்தை, நீங்க காப்பிக்கு சீனிய அள்ளி அள்ளிப் போடுகவிய. அவ கடுங்காப்பி, அதுவும் சீனி இல்லாம. அந்தக் கட்டிய ஒங்களுக்குத் தந்தா துப்பிருவீங்க. துப்புகதுக்கா அங்கேருந்து சொமந்துட்டு வந்தேன்?"

சொன்னது அத்தனையும் நெசம். எங்க அம்மை துப்பத்தான் செய்வா. ஆனா நெசம்னா மூஞ்சிக்கு நேர சொல்லிரணுமா? அந்த லீவு முடியுகது வரைக்கும் அம்மை எங்க வீட்டுப் படி ஏறல்ல. மீன்காரி மறுநாள் வந்து, "பிள்ளே, கருப்பட்டி அடி பிடிச்சா வருக மணம்லா அதுல வருகு. நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னா. மைனி மொகத்துல அப்பிடி ஒரு சிரிப்பு. நான் மீனை வாங்கிட்டு அடுக்களைக்குப் போனேன்.

பிறகு மைனி வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து எங்களோட இருந்தாவ. அதுக்குள்ள நான் சாக்லேட்டுத் தொழில்ல எறங்கியிருந்தேன். தொழில்னா பெருசா ஒண்ணும் இல்ல. நாகர்கோவில்ல ஒரு அம்மா வீட்டுல வச்சு கிளாஸ் எடுத்தா, படிச்சேன். காம்பவுண்டுன்னு ஒரு கட்டி கடையில கெடைக்கும். கோகோவுல உள்ள வெண்ணெய எடுத்துட்டு வேற எண்ணெய் சேத்தது. உருக்கி, அச்சுல ஊத்தி, பிரிட்ஜ்ல வச்சுட்டு தட்டுனா பளபளன்னு விழும். உள்ளே முந்திரிப்பருப்பு, வெளிய கலர் தாள். பிறந்தநாள், ஞானஸ்நானம், கல்யாணம், எல்லாத்துக்கும் ஆர்டர் வந்துது. வெயிலுக்கும் ஒண்ணும் ஆகாது, கல்லு மாதிரி இருக்கும். ஊருக்குப் பிடிச்சுது.

மைனி வந்த வாரம் ஒரு தட்டு செஞ்சு ஆசையா நீட்டுனேன். வீட்டுல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு தின்னுட்டு இருக்காங்க. மைனி ஒடிச்சாவ, மோந்தாவ, நாக்குல வச்சாவ, கண்ணை மூடுனாவ. நான் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கேன்.

"மெழுகு."

அவ்வளவுதான். வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து பேப்பரை விரிச்சுட்டாவ. நான் அடுக்களையில போயி பாத்திரத்தை இடிச்சு இடிச்சுக் கழுவுனேன்.

"அக்கா அப்பிடித்தான், நீ சும்மா இரு"ன்னாரு எங்க வீட்டுக்காரர். அவருக்கு என்ன! நாள் பூரா அந்த நாக்கோட கெடந்து வேகுகது நான்லா.

ஒருநாள் பொறுக்காம மைனிகிட்டயே கேட்டேன். "ஊர்ல உள்ளவன் எல்லாம் பிடிச்சுத் தின்னுகான். நாலு பேரு தின்னுட்டு சிரிச்சாப் போராதா மைனி?"

"போரும். நான் விக்காதேன்னா சொன்னேன்? எப்பிடி இருக்குன்னு நீ என்ட்ட கேட்டே, நான் சொன்னேன்."

பெருமை பிடிச்சவியன்னு நானும் முதல்ல நெனச்சதுண்டு. பட்டிக்காட்டு நாக்குக்கு என்ன தெரியும்னு இளக்காரம் பண்ணுகாவன்னு. அப்பிடியும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு நெலக்கடலை போட்ட பால் சாக்லேட்டு போதும், அஞ்சு ரூவா பத்து ரூவாய்க்கு எல்லாக் கடையிலயும் தொங்குமே, அது. "சாக்லேட்டுன்னா இனிக்கணும், கடிச்சா கடலை வரணும். நீ என்னத்த அடுப்புக்கரியத் தின்னுகியோ"ன்னு அக்காவைக் களியாக்குவாரு. அவிய கோவிக்க மாட்டாவ. கடைக்குப் போனா தம்பிக்கு அதைத்தான் வாங்கிட்டு வருவாவ. முக்குக் கடையில கண்ணாடி பரணியில கெடக்க தேங்கா மிட்டாய ஒருநாள் வாயில போட்டுட்டு, "கொள்ளாம். மிட்டாய்னு சொல்லி விக்கான், மிட்டாயா இருக்கு"ன்னாவ. எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம்! தேங்கா மிட்டாய்க்குக் கெடச்ச வார்த்தை எனக்குக் கெடையாதா?

துபாயிலேருந்து சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வெல கூடுன பெட்டி ஒண்ணு கொண்டு வந்தான். வெல்வெட்டு, ரிப்பன், ஒவ்வொரு சாக்லேட்டுக்கும் தனித்தனிக் கூடு. மைனி ஒண்ணை எடுத்துத் தின்னுட்டு, பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ.

"எப்பிடி மாமி இருக்கு?"ன்னு அவன் கேக்கான்.

"பெட்டி கொள்ளாம் மக்கா."

அந்தப் பையன் அதுக்குப் பிறகு எங்க வீட்டுக்கு வந்தா வெறுங்கையோடதான் வருவான்.

ஒரு மட்டம் எல்லாருமா பேச்சிப்பாறை அணைக்குப் போயிருந்தோம். போற வழியில தெரிஞ்சவங்க விளையில தென்னைக்கு நடுவுல கோகோ மரம் நின்னுது. தண்டுலயே ஒட்டிட்டு மஞ்சக் காய். மைனி ஒண்ணைக் கேட்டு வாங்கி ஒடைச்சாவ. வெள்ளச் சதைய சப்பிட்டு எல்லாரும் கொட்டையத் துப்புனோம். மைனி மட்டும் கொட்டையக் கடிச்சாவ. மொகம் சுருங்கிப் போச்சு. "ஏட்டி, இதாக்கும் அது. இந்தக் கசப்பு வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் ஒலகத்துல உள்ள சீனியெல்லாம் போடுகான்"னு சொல்லிட்டு, கடிச்சதைத் துப்பாம மென்னே முழுங்குனாவ. எனக்குப் பாக்கவே வாய் கசந்துது.

அங்கேருந்து வந்த பிறகுதான் எனக்கு அந்த வாசி பிடிச்சுது. இவிய வாயாலயே ஒருநாள் கொள்ளாம்னு சொல்ல வைக்கேனா இல்லையான்னு. தெரிஞ்ச ஒரு வீட்டுல மே மாசம் கல்யாணம், வந்தவங்களுக்குக் குடுக்கதுக்கு சாக்லேட்டு கேட்டாங்க. நான் காம்பவுண்டை விட்டுட்டு அசல் கட்டி வரவழைச்சேன், கோகோ வெண்ணெய் உள்ளது. அது லேசுல பிடிகுடுக்காத சாமான். உருக்கணும், ஆற வைக்கணும், திரும்பக் கொஞ்சம் சூடாக்கணும். சூடு துளி மாறிச்சுன்னா கெட்டியாகாது, மேல வெள்ளை பூக்கும், ஒடிச்சா சத்தம் வராது. சரியா வந்துதுன்னா டப்புன்னு ஒடியும்.

வீட்டுல ஏசி உள்ளது மைனி ரூம்ல மட்டும். கட்டிலச் சுவரோட தள்ளிப் போட்டுட்டு ரெண்டு பேரும் அங்க இருந்து கிண்டுனோம். மைனி கீழ் உதட்டுல ஒரு சொட்டு வச்சுப் பாத்து, "சூடு கூடிப் போச்சு ஏட்டி", "இப்பக் கொறஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டே இருந்தாவ. எனக்கு இடுப்பு ஒடிஞ்சுது. கடைசியில அச்சுலேருந்து எடுத்தா, அங்கங்க வெள்ளை. மைனி ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஒடிச்சாவ. சத்தமே இல்ல. ரப்பர் ஷீட்டு மாதிரி வளஞ்சு வந்துது. நாக்குல வச்சுக் கண்ணை மூடுனாவ.

"சாமான் கொள்ளாம். கை போராது."

இருந்தாலும் அதைத்தான் கொண்டு போனோம், வேற செய்ய நேரமில்ல. மேல தகரம் போட்ட கல்யாண மண்டபம். மே மாச வெக்கை. வாசல்ல அடுக்கி வச்சிருந்த சின்னச் சின்னப் பெட்டியெல்லாம் பொண்ணு மாப்பிள்ளை கோயில்லேருந்து வருகதுக்குள்ள அடி நனைஞ்சு போச்சு. பொண்ணோட பெரியம்மை மடியில வச்சிருந்த பெட்டி ஒழுகி, பட்டுச்சேலையில இம்மாம் பெரிய கறை. சின்னப்பிள்ளைகள் கையை வெள்ளச் சட்டையில தொடச்சுட்டு ஓடுது. பொண்ணுக்க அம்மை எல்லார் முன்னால வச்சு என்னைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குத் தரையப் பொளந்துட்டு உள்ள போகலாம் போல இருந்துது.

அப்ப மைனி எந்திச்சு வந்தாவ. எனக்காகத்தான் பேச வருகாவன்னு நெனச்சேன்.

"உருகுனாத்தான் அது சாக்லேட்டு. உருகாதது வேணும்னா மெழுகுதிரி வாங்கிக் குடுத்திருக்கணும். ஆனா இவளுக்கும் கை போராது, அதும் உள்ளதுதான்."

எரியுக தீயில எண்ணெய ஊத்திட்டு அவிய போயி பந்தியில இருந்துட்டாவ. அதோட அந்தக் கூட்டத்துலேருந்து எனக்கு ஆர்டர் வருகது நின்னு போச்சு.

வீட்டுக்கு வந்து அழுதேன், கத்துனேன். "எனக்காக ஒரு வார்த்தை பொய் சொன்னா ஒங்க நாக்கு தேஞ்சா போகும் மைனி? ஊரே சொல்லுகு, நீங்க சொன்னா என்ன?"

மைனி சொன்னாவ. "வேற எவளாவது செஞ்சு தந்தா சிரிச்சுட்டுப் போயிருவேன். நீ தெனம் அதுல கெடந்து பாடுபடுகவ. ஒன்ட்ட எப்பிடிப் பொய் சொல்ல?"

எனக்கு அப்ப அது ஏறல்ல. நான் காம்பவுண்டுக்கே திரும்பிட்டேன். வருசா வருசம் கிறிஸ்மசுக்கு ஒரு தட்டு நீட்டுவேன், மெழுகுன்னு வரும், நானும் "ஆமா, மெழுகுதான், தின்னாதீங்க"ன்னு தட்டை எடுத்துட்டுப் போவேன். கோவம்கூட அலுத்துப் போச்சு. ஆனா அசல் கட்டியில கொஞ்சம் வாங்கி வச்சு, ஆர்டர் இல்லாத நாள்ல எனக்கா செஞ்சு பாத்துட்டுத்தான் இருந்தேன். வெள்ளை பூக்கும், திரும்ப உருக்குவேன். யாருக்கும் காட்டல்ல.

பிறகு மைனிக்கு வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. திருவனந்தபுரத்துக்குப் போக, மருந்து ஏத்த, வர, மூணு நாள் வாந்தி எடுக்க, அடுத்த மட்டத்துக்குத் திரும்பப் போக. பஸ்சுல அவிய தலை என் தோள்ல கெடக்கும். வந்து எறங்குனா துணி இருக்கும், பாத்திரம் இருக்கும், ஆர்டர் இருக்கும். ராப்பகல் தெரியாம ஓடுனேன். எனக்குச் சலிக்கல்லன்னு சொன்னா அது பொய். சலிச்சுது. ஒரு பாடு சலிச்சுது. சில நாள் அடுக்களையில நின்னுட்டே தூங்கிருக்கேன்.

அந்த நாள்ல மைனி சாப்பாட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டாவ. குழம்புல புளி கூடிப் போச்சுன்னு இல்ல, மீன் பழசுன்னு இல்ல. வச்சதை சாப்பிட்டுட்டு பாத்திரத்தைத் தள்ளி வைப்பாவ. சரி, நான் படுக பாட்டைப் பாத்து எரக்கம் வந்துட்டு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

கிறிஸ்மசுக்கு முந்தின வாரம், ஒருநாள் மத்தியானம், அவிய ரூம்ல ஏசியப் போட்டுட்டு ஒரு ஓரமா இருந்து அசல் கட்டிய எடுத்துக் கிண்டுனேன். மைனி தூங்கிட்டு இருந்தாவ. உதட்டுல வச்சுப் பாத்தேன், சரியா இருக்க மாதிரி தோணுச்சு. அச்சுலேருந்து தட்டுனேன். ஒரு துளி வெள்ளை இல்ல. கண்ணாடி மாதிரி மொகம் தெரியுது. அவிய முழிச்சதும் ஒண்ணைக் கொண்டு நீட்டுனேன்.

கைக்குப் பலமில்ல. ஒடிக்காம, கொஞ்சம் கடிச்சு நாக்குல வச்சுக் கண்ணை மூடுனாவ. நான் கட்டில் கம்பியப் பிடிச்சுட்டு நிக்கேன். கண்ணைத் தொறந்தாவ.

"கொள்ளாம்."

எனக்குத் தலைகால் புரியல்ல! அடுக்களைக்கு ஓடுனேன், எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஒங்க அக்கா கொள்ளாம்னு சொல்லியாச்சு, கேட்டீங்களா"ன்னு கத்துனேன். அண்ணைக்கு அப்பத்தான் எனக்குப் பசின்னு ஒண்ணு இருக்கதே ஓர்மை வந்துது. மைனிக்கு வச்ச கஞ்சியும் பயறும் மிச்சம் இருந்துது. ஒரு வாய் வச்சேன்.

உப்பே இல்ல. கஞ்சியில இல்ல, பயறுலயும் இல்ல. அவசரத்துல போட மறந்திருக்கேன். அந்தப் பயறையாக்கும் மைனி மத்தியானம் ஒரு சொல்லு சொல்லாம வழிச்சு சாப்பிட்டாவ.

திரும்ப ரூமுக்குப் போனேன். "மைனி, காலையில வச்ச பயறு எப்பிடி இருந்துது?"

"கொள்ளாம்."

"அதுல உப்பு இல்ல மைனி."

மைனி என்னைப் பாத்தாவ. பிறகு ஜன்னலைப் பாத்தாவ. "ரெண்டாவது மருந்து ஏத்துன அண்ணைக்கே ருசி போயிட்டுடி. எல்லாம் ஈரக் கடுதாசி மென்ன மாதிரி இருக்கு. சொன்னா நீ வேற தனியா வச்சுத் தாரேன்னு நிப்பே. ஏற்கனவே ஓடுகது போராதா?"

"அப்ப இந்த சாக்லேட்டு?"

"இத்தனை வருசமா கேக்கே. ஒருக்கா சொல்லிப் பாப்போம்னு சொன்னேன்."

நான் தரையில இருந்துட்டேன். அழுகை பொத்துக்கிட்டு வந்துது. "எனக்கு எதுக்கு மைனி ஒங்க பொய்? ஊர்ல கெடைக்காத பொய்யா? இண்ணைக்குத்தான் சரியா வந்திருக்குன்னு தோணுச்சு. நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கு இனி யாரு சொல்லுவா?"

மைனி பைய எந்திச்சு தலகாணியில சாஞ்சுக்கிட்டாவ. "தட்டை இஞ்ச கொண்டா"ன்னாவ. ஒண்ணை எடுத்தாவ. ரெண்டு கையும் வெறைக்கு. காதுகிட்டக் கொண்டு போனாவ. மொதல்ல ஒடியல்ல. நான் பிடிக்கப் போனேன், கையத் தட்டி விட்டாவ. பல்லைக் கடிச்சுட்டு திரும்பவும் அழுத்துனாவ.

டப்.

அந்த ரூம் முழுக்க எனக்குக் கேட்டுது. மைனி கண்ணை மூடிட்டு இருந்தாவ. இன்னொண்ணை எடுத்து அதையும் ஒடிச்சாவ. பிறகு என்னைப் பாத்து சொன்னாவ.

"சத்தம் கொள்ளாம். கை வந்துட்டு பிள்ளே. ருசி எனக்குத் தெரியாது."

ஈஸ்டருக்கு முன்னாலயே மைனி போயிட்டாவ. ஆர்டருக்கு நான் இப்பவும் காம்பவுண்டுதான் செய்யேன், வெயில் காலத்துல வேற வழியில்ல. கிறிஸ்மசுக்கு மட்டும் ஒரு தட்டு அசல். எங்க வீட்டுக்காரர் எடுத்து வாயில போட்டுட்டு சூப்பர்ம்பாரு. அவர் சொல்லுகத விடுங்க, நெலக்கடலை இருந்தா மண்ணாங்கட்டியும் அவருக்கு சூப்பர்தான். நான் ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஒடிச்சுப் பாப்பேன். சத்தம் சரியா இருக்கு. ருசி எப்பிடின்னு சொல்லத்தான் ஆளில்ல.